பதினோராவது களஞ்சியம்

அலுவலகத்தில் அவளுக்குப் பெயர் சாவியக்கா. எந்தக் குழுவுக்குக் கடவுச்சொல் வேண்டுமானாலும் அவளிடம்தான் வரவேண்டும். வீட்டுச் சாவியை மட்டும் அந்த மகராசியால் காப்பாற்ற முடியவில்லை. இரண்டில் ஒன்றைப் போன மாதம் தொலைத்துவிட்டாள். மிச்சமிருந்தது அவள் கைப்பையில். கதவோ இழுத்துச் சாத்தினால் தானே பூட்டிக்கொள்ளும் ரகம். கணவன் வெளியூரில். மாமியாருக்கு அன்று காலில் மாவுக்கட்டுப் பிரிக்கும் நாள். வாடகைக் காரில் தானே போய்த் திரும்புவதாக ஏற்பாடு.

"நாலு மணிக்கு வீட்ல இருப்பேன் அத்தை, சத்தியமா."

மாமியார் "ம்" என்றார். ஏற்கெனவே இரண்டு முறை ஏமாந்தவரின் "ம்" அது.

வேலையைச் சொல்லும்போது எளிதாகத்தான் சொன்னார்கள். பதினொரு குழுக்களின் நிரல்கள், அவற்றில் செய்த ஒவ்வொரு திருத்தத்தோடும், பழைய கணினிகளில் சிதறிக் கிடந்தன. எல்லாவற்றையும் ஒரே வெப் சர்வரில், ஒரே முகவரியின் கீழ், தனித்தனிக் களஞ்சியங்களாக வைக்கவேண்டும். பத்து, மதியத்துக்குள் முடிந்தன. பதினோராவது, சோதனைக் குழுவுடையது, உயிரை வாங்கியது. திறந்தது, படிக்க விட்டது. திருத்தம் சேர்க்கப் போனால் மட்டும் 'அனுமதி இல்லை'.

"அக்கா, இன்னும் ஏறல," என்றான் சோதனைக் குழுக்காரன்.

"எனக்கு ஏறுதே! பாஸ்வேர்டை ஒழுங்கா போடு தம்பி."

"காலையிலேருந்து அதைத்தாங்க்கா போடுறேன்."

அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அமைப்புக் கோப்பைத் திருத்தி சர்வரை நிறுத்தி எழுப்பினாள். கிணறு வெட்டப் பூதம் கிளம்பியது. ஒழுங்காக ஓடிய பத்தில் மூன்று படுத்துவிட்டன. அவற்றைத் தூக்கி நிறுத்துவதற்குள் மணி நாலரை. சர்வர் அறைக்குள் கைபேசிக்கு அனுமதி இல்லை. அது வெளியே கைப்பையில் அடித்துக்கொண்டிருந்தது.

ஐந்து மணிக்கு, வேறு வழியில்லாமல், அவன் நாற்காலியில் உட்கார்ந்து அவன் கணக்கிலேயே நுழைந்து பார்த்தாள். அதே 'அனுமதி இல்லை'. அப்போதுதான் உறைத்தது. பத்துக் களஞ்சியங்களை அவள் எழுதிவைத்த சிறு நிரல் உருவாக்கியது. கடைசியில், மற்றவர்களின் திருத்தங்களை வாங்கி எழுதும் வெப் சர்வரின் பெயருக்கு அவற்றை மாற்றியும் விட்டது. பதினோராவதை அவசரத்தில் கையாலேயே போட்டாள், எல்லா உரிமையும் உள்ள நிர்வாகிக் கணக்கிலிருந்து. அது அந்தக் கணக்கின் பெயரிலேயே நின்றுவிட்டது. சரிபார்த்ததும் சர்வருக்குள்ளிருந்தே, அதே கணக்கில்தான். எல்லாக் கதவும் திறக்கும் சாவியை வைத்துக்கொண்டு, அடுத்தவனுக்குப் பூட்டியிருப்பது எப்படித் தெரியும்? நாள் முழுக்க அவனைத் திட்டியதற்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது.

ஒரே வரியில் உரிமையை மாற்றினாள். திருத்தம் ஏறியது.

"தப்பு என்னுதுதான் தம்பி," என்று சொல்லிவிட்டு ஓடினாள்.

மாமியார் படிக்கட்டில், கட்டுப் பிரித்த காலை நீட்டி உட்கார்ந்திருந்தார். மடியில் மருந்துப் பை.

"ரொம்ப நேரமாச்சா அத்தை?"

"ஜன்னல் வழியா எல்லாம் தெரியுது. கட்டில் தெரியுது, தண்ணிக் குடம் தெரியுது. உள்ள போகத்தான் முடியல."

அவளால் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை. கதவைத் திறந்து, சாவியை மாமியார் கையில் வைத்தாள்.

"இனிமே இது உங்ககிட்டயே இருக்கட்டும். நான் கதவைத் தட்டிக்கிறேன்."

மாமியார் சாவியை முந்தானையில் முடிந்துகொண்டார்.

"நாலு மணிக்கு வந்தா திறக்கிறேன்," என்றார்.