பின்வாசல் கேட்டவர்

எண்பதுகளில் செஞ்சியில் சின்னதாக ஒரு கிளினிக் வைத்திருந்தேன். தூக்கமே வரவில்லை என்று ஒருவர் வந்தார். ஒடிசலான உடம்பு, மழமழவென்று சவரம் செய்த முகம். அவலூர்பேட்டைப் பக்கம் வாத்தியாராக இருந்தவர், அதை விட்டுவிட்டு இங்கே நெல் மண்டியில் வேலை பார்த்தார். பள்ளிக்கூடம் விடும் நேரத்தில் மட்டும் தெருவில் இறங்கவே மாட்டார்.

"வாத்தியார் வேலைய ஏன் விட்டீங்க?" என்று கேட்டேன்.

நாற்காலியை என் பக்கம் இழுத்துப்போட்டுக்கொண்டு குரலைத் தாழ்த்தினார்.

"சின்னப் புள்ளைங்க மேல மனசு தப்பா போவுது டாக்டர். வெவரம் தெரிஞ்சதுலருந்து இப்படித்தான். யாரையும் தொட்டதில்ல. தொட்டுடுவேனோன்னு பயந்துதான் வந்துட்டேன். இதுக்கு மருந்து இருக்குதா?"

எனக்கு உடம்பு கூசியது. நான் படித்த படிப்பில் இதற்குப் பதில் இல்லை.

"கல்யாணம் பண்ணிக்குங்க, சரியாப் போயிடும்" என்றேன்.

"புள்ள பொறந்தா அது யார நம்பி அந்த வூட்ல வளரும்?"

தூக்க மாத்திரை மட்டும் எழுதிக்கொடுத்தேன். எழுந்தவர் கதவருகே நின்றுவிட்டார்.

"பின்வாசல் இருக்குதா டாக்டர்? முன்னாடி ஒரு அம்மா கொழந்தையோட உக்காந்திருக்காங்க."

திறந்துவிட்டேன். அதன்பிறகு அவர் வரவில்லை. அன்று எனக்கு வந்தது அருவருப்பா, மரியாதையா என்று இன்றுவரை பிரித்துச் சொல்லத் தெரியவில்லை.