கபுறுக்குள் கேட்ட கேள்வி

கபுறுக் குழிக்குள் போய், வானவர்களான மலக்குகளோடு கதைத்துவிட்டுத் திரும்பி வந்த ஒரே ஆள் இந்தக் கரையில் நான்தான். பொய். போனது மெய், கதைத்தது சாலிஹோடு.

காலையில் பள்ளிவாசல் ஒலிபெருக்கியில் சாலிஹ் இறந்த மௌத்துச் செய்தியை அறிவித்தபோது முகம் மழித்துக்கொண்டிருந்தேன். சந்தோசத்தில் நாடியை வெட்டிக்கொண்டேன்.

மருதமுனையில் ஒரே பட்டறையில் தறி அடித்தவர்கள் நாங்கள். நான் படித்தது மூன்றாம் வகுப்பு, அவன் பத்தாம். அதனால் மறுமை இல்லை என்று சொல்லும் தைரியம் அவனுக்கு இருந்தது. ஒரு பின்னேரம், அசர் தொழுகை நேரம், யாருக்கோ கபுறு வெட்டி முடித்து நின்றபோது, "செத்தா மண்ணோட மண்தான்டா. நம்பாட்டி படுத்துப் பாத்துட்டுச் செல்லு" என்றான்.

வீரன் நான், இறங்கிப் படுத்தேன். ஈரக் கடல்மண் வாசம். அவன் மேலே பலகையை அடுக்கி மூடிவிட்டு, பானைக்குள் வாயை வைத்தவன்போல ஒரு குரலில் "மன் ரப்புக்க" என்றான். உன் இறைவன் யார் என்று மலக்குகள் கேட்கும் முதல் கேள்வி. ஓதப்போகும் குழந்தைக்கும் பதில் தெரியும். நானோ, நோன்புப் பகலில் பக்கத்து ஊர்ப் பாண்டிருப்புக் கடையில் புட்டுத் தின்றது, பள்ளிவாசலில் யாருடையதோ புதுச் செருப்பை மாற்றிப் போட்டு வந்தது எல்லாவற்றையும் அழுது ஒப்புவித்தேன்.

பலகை திறந்தது. பிணத்தை வைத்த மையத்துச் சந்தூக்கோடு ஊரே நின்றது. அதன் முன்காலைத் தோளில் தாங்கி நின்றவர் எனக்குப் பேசியிருந்த பெண்ணின் வாப்பா. அந்தச் செருப்பு அவருடையது.

கலியாணம் போனது. "மையத்து" என்ற பட்டம் வந்தது.

போன கிழமை, நோயில் கிடந்த சாலிஹ் மாப்புக் கேட்டு ஆள் அனுப்பினான். நேரில் போய்ச் சொன்னேன்:

"மாப்பு இல்ல. மறுமையில, மஹ்ஷர்ல ஒண்ட கழுத்தப் புடிப்பன்."

படுத்தபடியே சிரித்தான். "அப்பிடியொண்டு இரிக்கணுமே, மையத்து."

என் பயமும் அதுதான். மறுமை இல்லையென்றால் இந்தப் பழியை எங்கே போய்த் தீர்ப்பது? ஐந்து நேரத் தொழுகையை நான் விடாததே இவனை நம்பித்தான்.

அந்தக் கபுறு இருந்த மையவாடியைக் கடல் தின்றுவிட்டது. செருப்புக்காரர் உயிரோடு இல்லை. என்னைப் பட்டம் சொல்லிக் கூப்பிடக் கடைசியாக மிஞ்சியிருந்தவனும் இப்போது...

வாசலில் சாலிஹின் மகன்.

"மாமா, வாப்பாவ கபுறுக்குள்ள எறக்கக்குள்ள உள்ள நிண்டு வாங்குறத்துக்கு ஒங்களத்தான் செல்லிட்டுப் போனாரு. ஒங்களுக்கு எடம் பழக்கமாம்."

போகிறேன். நாற்பது வருசமாக அந்தப் பானைக் குரலைப் பழகி வைத்திருக்கிறேன். மலக்குகள் வருவதற்கு முன்னால், அந்த முதல் கேள்வியை அவன் காதில் நான் கேட்கவேண்டும்.