பிச்சர்களுக்காக அப்பா எழுதிய மனு

அப்பா எங்களை விட்டுப் போய் இந்த மாதத்தோடு ஓராண்டு நிறைகிறது. ஆண்டுத் திதிக்கு வந்து, சாப்பிட்டு, போகும் வழியில் இந்த மலரைப் புரட்டும் உங்கள் எல்லோருக்கும் அப்பாவின் மகளுடைய வணக்கம். மலரைத் தொகுக்கும் சின்ன மாமா என்னிடம் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார்: "அப்பாவப் பத்தி மரியாதையா எழுதுட்டி. பேஸ்பாலு கீஸ்பாலுன்னு எழுதி வச்சுராத. நாலு பேர் வாசிக்கது." மாமா பொறுத்துக்கொள்ள வேண்டும். அதை விட்டுவிட்டு எழுதினால் அப்பாவின் கடைசி எட்டு ஆண்டுகளை விட்டுவிட்டு எழுதியதாகிவிடும்.

அப்பா பிறந்தது அம்பாசமுத்திரத்தில். ஐந்து வயதில் மலையாளம் பேசுகிற பழவங்காடிக்கு வந்தார். அவருடைய அப்பா அங்கே ஒரு ஹோட்டலில் சரக்கு மாஸ்டர். முதலாளி காலையில் கூப்பிட்டு "நாளைலேந்து வர வேண்டாம்" என்று சொன்னால் அன்றோடு வேலை முடிந்தது. அப்படி மூன்று முறை நடந்திருக்கிறது. மூன்றாவது முறை நடந்தபோது அப்பாவுக்குப் பத்து வயது. இரண்டு மாதம் வீட்டில் ஒருவேளைதான் கஞ்சி. அதைப் பற்றி அப்பா அதிகம் பேசியதில்லை. ஆனால் "பெர்மனன்ட்" என்ற சொல்லை அவர் உச்சரிக்கும் விதத்தில் அந்த இரண்டு மாதமும் இருக்கும்.

தெருவிளக்கில் எல்லாம் படிக்கவில்லை. அடுத்த வீட்டு மலையாள சாரின் வீட்டில் உட்கார்ந்து, அவர்கள் மின்சாரத்தில் படித்தார். அரசுத் தேர்வு எழுதி கிளார்க்காகச் சேர்ந்து, முப்பத்திரண்டு ஆண்டுகள் எஸ்டாப்ளிஷ்மென்ட் செக்ஷனில் இருந்து, சூப்பிரண்டாக ஓய்வு பெற்றார். நியமனம், புரொபேஷன், கன்ஃபர்மேஷன், மெடிக்கல் லீவு, ஓய்வு என்று ஒரு மனிதரின் உத்தியோக வாழ்க்கை முழுவதும் அப்பாவின் மேசை வழியாகத்தான் போகும். மலையாளத்தில் கோப்பு எழுதுவார், ஆங்கிலத்தில் டிராஃப்ட் போடுவார், தமிழில் திட்டுவார். ஓய்வுக்குப் பிறகும் கரமனையில் எங்கள் வீட்டுக்குப் பென்ஷன் காகிதங்களைத் தூக்கிக்கொண்டு ஆட்கள் வருவார்கள். ஒருவரிடமும் ஒரு வாழைப்பழம்கூட வாங்கியதில்லை. வாங்கச் சொல்லி அம்மா சண்டை போட்டதுண்டு.

இப்படிப்பட்டவருடைய மகன், என் அண்ணன், பாங்க் வேலை கிடைத்து, கன்ஃபர்மும் ஆன பிறகு, அதை ராஜினாமா செய்துவிட்டு அமெரிக்காவுக்குக் கான்ட்ராக்ட் வேலைக்குப் போனான். வருடா வருடம் புதுப்பிக்கிற கான்ட்ராக்ட். அப்பா சொன்னது எனக்கு அப்படியே நினைவிருக்கிறது. "பெர்மனன்ட் போஸ்ட்ட தூக்கிப் போட்டுட்டுப் போறவனுக்கு இந்த வீட்ல என்ன வேலை? நாளைக்கே வர வேண்டாம்னு சொன்னா என்ன செய்வான்? போகட்டும்." அதன் பிறகு நான்கு ஆண்டுகள் இருவரும் பேசவில்லை. அண்ணன் போன் செய்தால் அப்பா எழுந்து குழாயடிக்குப் போய்விடுவார். குழாயில் தண்ணீர் வராத நாளிலும் போவார்.

மதினிக்குப் பிரசவம் என்று அம்மா கிளம்பியபோது, "நீங்க வரலன்னா நானும் போகல" என்று உட்கார்ந்துவிட்டதால் அப்பாவும் போக வேண்டியதாயிற்று. அங்கே ஒரு மாதம் வரை நிலைமையில் மாற்றமில்லை. ஒரே சோபாவின் இரண்டு முனையில் இருவரும். டிவியில் அந்த ஊர் அணியின் பேஸ்பால் ஆட்டம். ஒரு நாள் அப்பா டிவியைப் பார்த்தபடியே கேட்டாராம்: "அவன் எதுக்கு இப்ப ஓடுதான்?" நான்கு ஆண்டில் அண்ணனிடம் அப்பா பேசிய முதல் சொல் இதுதான். அண்ணன் பதில் சொல்லத் தொடங்கி, அன்று ஆட்டம் முடியும்வரை சொல்லிக்கொண்டே இருந்தானாம். இதைச் சொல்லும்போது அம்மா இன்றைக்கும் அழுவாள்.

ஊர் திரும்பிய பிறகு அண்ணன் இங்கே பார்க்க ஏற்பாடு செய்துகொடுத்தான். அங்கே சாயங்கால ஆட்டம், நமக்கு விடிகாலை. அப்பா காப்பியோடு உட்கார்ந்துவிடுவார். முடிந்ததும் போன். ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை குறைவில்லை. பருவம் முடிந்ததும் வந்தது வினை. ஆட்டம் இல்லை, பேச்சும் இல்லை. அண்ணன் கூப்பிட்டால் அப்பா, "அங்க குளிரா?" என்பார். "ஆமாப்பா." "சரி, அம்மாட்ட குடுக்கேன்." மூன்று வாரம் இப்படியே போனது. அப்பா போனைக் கொடுத்துவிட்டு அங்கேயே நிற்பார். குழாயடிக்குப் போகமாட்டார். இன்னும் ஏதாவது பேச வேண்டும், ஆனால் விஷயம் இல்லை. நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

அப்போதுதான், ஆட்டம் இல்லாத குளிர்காலத்திலும் அணி நிர்வாகம் சும்மா இருப்பதில்லை, யாரை வைத்துக்கொள்வது, யாரை விடுவது, எத்தனை வருடத்துக்கு ஒப்பந்தம் என்று முடிவெடுத்துக்கொண்டே இருக்கும் என்பதை அப்பா கண்டுபிடித்தார். அதிலும் பந்து எறிகிற பிச்சர்கள் விஷயம் பெரிய விஷயமாம். கை ஒரு நாள் இருக்கும், ஒரு நாள் போகும். அப்பாவுக்கு இது எஸ்டாப்ளிஷ்மென்ட் செக்ஷனே திரும்பக் கிடைத்த மாதிரி. அன்று அவரே அண்ணனைக் கூப்பிட்டார்.

"ஏல, இருபத்தி மூணு வயசுப் பயலுக்கு ஏழு வருஷம் ஒப்பந்தமாம். புரொபேஷன் வேண்டாமா?"

"வேகமா எறிவாம்ப்பா. விட்டா வேற டீம் கொண்டு போயிரும்."

"போட்டுமே. வேகத்தப் பாத்து கன்ஃபர்ம் பண்ணுவாங்களா? மூணு வருஷம் பாக்கணும், பின்னே தீருமானிக்கணும்."

நாற்பது நிமிடம் பேசினார்கள். நான் கணக்கு டீச்சர். எனக்கு அந்த விளையாட்டு இன்றுவரை விளங்கவில்லை. ஆனால் அன்று அம்மா சர்க்கரைப் பொங்கல் வைத்தாள்.

அதன் பிறகு ஒவ்வொரு குளிர்காலமும் அப்பாவுக்குக் கருத்துகள் பெருகின. கடைசி இன்னிங்ஸ் மட்டும் எறிய வரும் ஆளை அவருக்குப் பிடிக்காது. "நாலரை மணிக்கு ஆபீசுக்கு வந்து முழுச் சம்பளம் வாங்குதான்" என்பார். முழங்கையில் ஆபரேஷன் செய்த ஒருவரை, முதல் வருடம் எறிய முடியாது என்று தெரிந்தே இரண்டு வருடத்துக்கு எடுத்தபோது மட்டும் நிர்வாகத்தைப் பாராட்டினார். மெடிக்கல் லீவில் இருப்பவனுக்கு நியமன ஆர்டர் கொடுக்கிற மனம் தன் டிபார்ட்மென்ட்டில் ஒருவருக்கும் இருந்ததில்லை என்றார். கல்யாண வீடுகளில் அவர் பக்கத்தில் உட்கார்ந்து இதையெல்லாம் கேட்டுத் தலையாட்டிய உறவினர்கள் இதை வாசிப்பீர்கள். உங்கள் பொறுமைக்கு நன்றி.

மறைவதற்கு முந்தைய குளிர்காலத்தில் இரண்டு காரியம் நடந்தது. பதினோரு ஆண்டுகளாக அந்த அணிக்கு எறிந்த ஓர் இடக்கை பிச்சரை, வயது முப்பத்தாறு, கடைசிப் பருவம் சரியில்லை என்று ஒப்பந்தத்தைப் புதுப்பிக்காமல் விட்டார்கள். அதே மாதம் அண்ணனின் கான்ட்ராக்ட்டும் புதுப்பிக்கப்படவில்லை.

அண்ணன் இதை என்னிடம் மட்டும் சொன்னான். "அப்பாட்ட சொல்லிராத. வேலை போனதக்கூட தாங்கிருவேன். 'நான் அன்னைக்கே சொன்னேம்லா'ன்னு அவர் வாயிலேருந்து கேட்டா தாங்க மாட்டேன்." நான் சொல்லவில்லை. ஆனால் அப்பாவிடம் எதை மறைக்க முடியும்? முப்பத்திரண்டு ஆண்டுகள் வருகைப் பதிவேடு பார்த்த கண். ஒரு வாரம் கழித்து என்னைக் கூப்பிட்டார்.

"ஏட்டி, இங்க ராத்திரி எட்டரைன்னா அங்க காலைல பத்து. வேலை நாளு. ஆபீஸ்ல இருக்க வேண்டியவன் எப்படி முக்கால் மணி நேரம் பேசுதான்?"

நான் தரையைப் பார்த்தேன். "எப்ப போச்சு?" என்று கேட்டார். சொன்னேன். அவர் அந்த வாக்கியத்தைச் சொல்லப் போகிறார் என்று காத்திருந்தேன். சொன்னால் எதிர்த்துப் பேச வேண்டும் என்றும் முடிவு செய்திருந்தேன். அதற்குப் பதில் அப்பா, தன் அப்பா வேலை போய் ஹோட்டலிலிருந்து திரும்பி வந்த காலையைப் பற்றி, முதல் முறையாக, எனக்குச் சொன்னார். "அன்னைக்கு எங்க அம்மயும் அவரத்தான் ஏசினா. அவரு என்ன செஞ்சாரு பாவம்."

மறுநாள் உட்கார்ந்து மனு எழுதினார். அந்த அமெரிக்க அணியின் நிர்வாகத்துக்கு, அந்த இடக்கை பிச்சர் விஷயமாக, ஆங்கிலத்தில், பொருள், பார்வை எல்லாம் போட்டு, மூன்று பக்கம். நேரே ஈமெயில் அனுப்பலாமே என்றேன். என்னை அற்பப் பிறவியைப் பார்ப்பது போலப் பார்த்தார். மனு என்றால் ப்ராப்பர் சேனல் வழியாகத்தான் போக வேண்டும். தனக்கு அங்கே மனு போட நேரடி உரிமை கிடையாது. அந்த ஊரில் வசிப்பவன் என்ற முறையில் மகன் அதைப் படித்து, பரிந்துரைத்து, கையெழுத்திட்டு மேலே அனுப்ப வேண்டும். அணியின் நிர்வாகத்துக்கு இந்த முறையெல்லாம் தெரியாதே என்றால், "அது அவங்க குறை" என்றார்.

மூன்றாம் பக்கத்தில் இப்படி இருந்தது: "பதினோரு ஆண்டுகள் உண்மையாக உழைத்தவரை ஒரு பருவத்தை வைத்து நீக்குவது அவருடைய தகுதியைப் பற்றிய தீர்ப்பாகாது. இதில் அவர்மீது குற்றம் எதுவும் இல்லை. இது நிர்வாகத்தின் தவறு. அவர் தலைகுனிய வேண்டியதில்லை."

கடிதம் போய்ச் சேர்ந்த அன்று அண்ணன் கூப்பிட்டான். போனை ஸ்பீக்கரில் வைத்திருந்தேன்.

"அப்பா, இத யாருக்கு எழுதினீங்க?"

"டீமுக்குத்தாம்ல எழுதினேன்." அப்பா தொண்டையைச் செருமினார். "உனக்கும் சேத்துத்தான். பாங்க் வேலைய நீ விட்டப்போ நான் பேசினதெல்லாம் பயத்துல பேசினது. எனக்குக் கஞ்சி குடிச்ச பயம். அத உன் தலைல கட்டிட்டேன். நாலு வருஷம் பேசாம இருந்தது என் தப்பு. வேலை போனா போட்டும். ஆளு போகலல்லா?"

அண்ணன் அழுதான். அப்பாவும் அழுதார். நாற்பத்து நான்கு வயது ஆணும் எழுபத்தாறு வயது ஆணும் ஒரு போனின் இரண்டு பக்கமும் அழுவதை நடுவில் நின்று கேட்டவள் என்ற முறையில் சொல்கிறேன், அதைவிட நல்ல சத்தம் எங்கள் வீட்டில் கேட்டதில்லை. அண்ணன் மனுவில் "பரிந்துரைத்து அனுப்பப்படுகிறது" என்று எழுதிக் கையெழுத்திட்டு, அங்கே தபாலில் சேர்த்தான். பதில் வரவில்லை. கிடைத்தது என்று ஒரு வரிகூட எழுதத் தெரியாத ஆபீஸ் என்று அப்பா கடைசிவரை குறைபட்டுக்கொண்டார்.

மூன்று மாதத்தில் அண்ணனுக்கு வேறு இடத்தில் வேலை கிடைத்தது. அதுவும் கான்ட்ராக்ட்தான். "எத்தன வருஷம்?" என்று அப்பா கேட்டார். "ஒண்ணுதாம்ப்பா." அப்பா சிரித்துவிட்டு, போதும் என்பதை மலையாளத்தில் "மதி, ஒண்ணு மதி" என்றார்.

அடுத்த குளிர்காலத்தில் அப்பாவின் இதயம் தளர்ந்தது. அண்ணன் வந்து பதினெட்டு நாள் ஆஸ்பத்திரியில் கூடவே இருந்தான். மூக்கில் ஆக்சிஜன் குழாயோடு அப்பா, புதிதாக எடுத்த பிச்சருக்கு ஐந்து வருடம் அதிகம் என்று வாதாடினார். அண்ணன் குறைவு என்றான். வித்துராவிலிருந்து வரும் நர்ஸ் பெண் ஓடி வந்து, "அச்சா, இங்ஙனே சண்டை கூடான் பாடில்லா" என்று அதட்டினாள். "சண்டையில்ல மோளே, மகனாக்கும்" என்றார் அப்பா. அந்தச் சண்டைக்கு மூன்றாம் நாள் காலையில், அண்ணன் கையைப் பிடித்தபடி, சிரமமில்லாமல் போனார்.

அப்பாவைக் கவனித்துக்கொண்ட மருத்துவர்களுக்கும், அந்த நர்ஸ் பெண்ணுக்கும், ஆம்புலன்சுக்கு ஓடிய எதிர்வீட்டுக்காரர்களுக்கும், அம்பாசமுத்திரத்திலிருந்து இரவோடிரவாக வந்த சொந்தங்களுக்கும், பதினாறு நாளும் சமையலைத் தன் பொறுப்பில் எடுத்துக்கொண்ட அத்தைக்கும், என்னை எழுத விட்ட சின்ன மாமாவுக்கும் எங்கள் குடும்பம் கடன்பட்டிருக்கிறது.

இன்னொரு நன்றியும் உண்டு. இந்த மலரின் ஒரு பிரதியை அண்ணன் அந்த அணிக்குத் தபாலில் சேர்ப்பதாகச் சொல்லியிருக்கிறான், அவர்களுக்குத் தமிழ் தெரியாது என்றாலும் பரவாயில்லை. அந்த அணியின் நிர்வாகத்தினரே, பிச்சர்கள் விஷயத்தில் நீங்கள் எட்டுக் குளிர்காலமும் தவறான முடிவுகளையே எடுத்தீர்கள் என்று அப்பா நம்பினார். சரியாக எடுத்திருந்தால் அப்பாவும் அண்ணனும் "அங்க குளிரா?" என்று கேட்டு போனை வைத்திருப்பார்கள். உங்களுக்கு எங்கள் மனமார்ந்த நன்றி.