லாம்பிரட்டா வலப்பக்கம் சாயாது

போன வாரம் என் மகள் புதிதாக ஒரு பேட்டரி ஸ்கூட்டர் வாங்கினாள். ஒரு சுற்று ஓட்டிப் பார்க்கச் சொல்லி என் கையில் சாவியைக் கொடுத்தாள். கடலூர் செம்மண்டலத்தில் எங்கள் தெருமுனை வரை போய்த் திரும்பினேன். சத்தமும் இல்லை, புகையும் இல்லை. தலையணைமேல் உட்கார்ந்து போவதுபோல இருந்தது. வாசலில் நின்றவள் சிரித்தாள்.

"ஏம்ப்பா ஒரு பக்கமா கோணிக்கினு ஓட்டுற? இடுப்பு புடிச்சிக்கிச்சா?"

இடுப்பு நன்றாகத்தான் இருக்கிறது. அது என் பழைய வெஸ்பா கொடுத்துவிட்டுப் போன கோணல். வெஸ்பா ஓட்டியவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. மற்றவர்களுக்குச் சொல்கிறேன். அதன் இன்ஜின் வலப்பக்கம் இருக்கும், வண்டி எப்போதும் அந்தப் பக்கமே சாயப் பார்க்கும். ஓட்டுகிறவன் தன்னை அறியாமல் இடப்பக்கம் உடம்பைக் கொடுத்துச் சமாளிப்பான். மனைவி பின்னால் இடப்பக்கமாகக் காலைத் தொங்கப்போட்டு உட்கார்ந்தால் எல்லாம் சரியாகிவிடும். என் மனைவி அம்மா வீட்டுக்குப் போயிருக்கும் நாட்களில், அவள் இல்லாத குறை எனக்குச் சாப்பாட்டில் தெரிந்ததைவிட வண்டியில்தான் அதிகம் தெரிந்தது. இதைப் பாராட்டாக நினைத்து அவளிடமே சொல்லி, நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

என் நண்பன் ஆரோக்கியராஜின் லாம்பிரட்டா ஸ்கூட்டருக்கு இந்தச் சிக்கலே கிடையாது. அதற்கு இன்ஜின் நடுவில். நீளமான உடம்பு, கனமும் அதிகம். ஸ்டாண்டு போடும்போது முதுகு ஒருமுறை முனகும். ஆனால் ரோட்டில் இறங்கிவிட்டால் நூல் பிடித்த மாதிரி போகும். அவன் அதை லாம்பிரட்டா என்று சொல்லவே மாட்டான். 'அப்பா வண்டி' என்பான். அவன் பிறப்பதற்கு முன்பே அவன் அப்பா வாங்கியது. அவர் போனபின் அவனிடம் மிஞ்சியது அதுவும் ஒரு கைக்கடிகாரமும்தான்.

அப்போது நாங்கள் இருவரும் ஓர் உரக் கம்பெனியில் விற்பனைப் பிரதிநிதிகள். காலையில் கடலூரில் கிளம்பி, சிதம்பரத்தில் டீ குடித்துவிட்டு, குமராட்சிப் பக்கத்துக் கடைகளை எல்லாம் சுற்றி வருவோம். ஆளுக்கொரு வண்டி. பங்க்கில் பெட்ரோலோடு ஆயில் கலந்து ஊற்றும் அந்த வாசனை சாயங்காலம் வரை சட்டையிலேயே இருக்கும். எனக்கு அந்த வாசனை பிடிக்கும். மனைவி சட்டையைத் தனியாகத் துவைப்பாள்.

வழி முழுக்க ஒரே சண்டை, எந்த வண்டி நல்ல வண்டி என்று. இரண்டும் இத்தாலியில் பிறந்தவை, இரண்டுமே எங்களைவிட வயதில் மூத்தவை. அவற்றுக்காக வக்காலத்து வாங்க நாங்கள் இரண்டு பேர். ஒருநாள் வாய்ச்சண்டை முற்றி, குமராட்சியில் ஒரு ரைஸ் மில்லில் நெல் மூட்டை போடும் எடைமேடையில் இரண்டையும் ஏற்றிவிட்டோம். லாம்பிரட்டா என் வண்டியைவிட ஒரு வளர்ந்த ஆட்டின் எடை கூடுதலாக இருந்தது.

"பாத்தியா மச்சான், உன் வண்டி ரோட்டுக்குப் பாரம்டா" என்றேன்.

"பாரம் இருந்தாதான்டா நேரா போவும். உன் வண்டிய பாரு, குடிச்சவன் மாதிரி ஒரு பக்கமா போவுது."

மில்காரர் எங்கள் இருவரையும் மேலும் கீழும் பார்த்துவிட்டு, "வேலை வெட்டி இல்லியா உங்களுக்கு?" என்றார். நியாயமான கேள்வி.

பிறகு அவனுக்கு மஸ்கட்டில் வேலை கிடைத்தது. கிளம்பும்போது அப்பா வண்டியை என் வீட்டில் விட்டான். பின்பக்கத்துக் கொட்டகையில் நிறுத்தினோம். "வாரம் ஒருவாட்டி எடுத்து ஓட்டு மச்சான். சும்மா நின்னா இன்ஜின் புடிச்சிக்கும்" என்றான். வேறெதுவும் கேட்கவில்லை. நானும் ஓட்டினேன். அங்கே அவனுக்கு லீவு வெள்ளிக்கிழமை. அன்றைக்கு போன் வரும். வண்டியை எங்கே ஓட்டிக்கொண்டு போனேன், எப்படிப் போனது என்று ஒன்றுவிடாமல் சொல்ல வேண்டும்.

அந்தப் பெரும்புயல் கடலூரைப் புரட்டிப் போட்டது உங்களுக்கு நினைவிருக்கும். முதல்நாள் மாலையே காற்று சரியில்லை. நானும் மனைவியும் என் வெஸ்பாவைத் தூக்கி, பின்வாசலின் இரண்டு படிகளைத் தாண்டி வீட்டுக்குள் வைத்தோம். கொட்டகையில் லாம்பிரட்டா நின்றது. "அத இன்னா பண்றது?" என்று அவள் கேட்டாள். "அது வெயிட்டு ஜாஸ்தி, நம்மால ஆவாது. கெடக்கட்டும்" என்றேன்.

மறுநாள் காலை வாதாம் மரம் கொட்டகைமேல் படுத்திருந்தது. கிளைகளை வெட்டி எடுத்தபிறகு பார்த்தால், ஹேண்டில்பார் ஒருபக்கம், உடம்பு ஒருபக்கம். நடுவில் தகடு அப்பளமாகியிருந்தது. அதன்முன் உட்கார்ந்து அழுதேன். வெட்கமாக இருந்தாலும் சொல்லிவிடுகிறேன்.

போன் வேலைசெய்ய ஆரம்பித்ததும் கூப்பிட்டான். எங்களையெல்லாம் விசாரித்துவிட்டு, "அப்பா வண்டி?" என்றான்.

"அதுக்கென்ன, குத்துக்கல்லாட்டம் நிக்குது" என்றேன்.

நாக்கு தானாகச் சொல்லிவிட்டது. அடுத்த வெள்ளிக்கிழமை அதைக் காப்பாற்ற இன்னொன்று சொல்ல வேண்டியிருந்தது. அண்ணாமலை நகர் வரை போனேன், பரங்கிப்பேட்டைக்குப் போனேன் என்று மாதக்கணக்கில் அளந்தேன். போன இடமெல்லாம் உண்மை. ஓட்டிய வண்டிதான் என்னுடையது. ஒவ்வொரு வாரமும் உண்மையைச் சொல்லிவிடலாம் என்றுதான் போனை எடுப்பேன். அவன் குரலைக் கேட்டதும் பயம் வந்துவிடும். வண்டியோடு அவனும் போய்விடுவான் என்ற பயம்.

லீவில் வந்தான். வீட்டுக்கு வந்ததும் வராததுமாக நேரே பின்பக்கம் நடந்தான். நான் பின்னாலேயே ஓடினேன். சாக்கு போட்டு மூடியிருந்த குவியலின்முன் நின்று, "தெரியும் மச்சான்" என்றான்.

"யாருடா சொன்னா?"

"நீதான். பொங்கலப்ப பேசும்போது, புவனகிரி ரோட்டுல வண்டி வலப்பக்கம் இழுத்துச்சு, கொஞ்சம் இந்தப் பக்கம் சாஞ்சி ஓட்டுனேன்னு சொன்னியே. அப்பா வண்டி என்னைக்குடா வலப்பக்கம் சாஞ்சிது?"

"தெரிஞ்சும் ஏண்டா கேக்கல?"

"கேட்டா நீ நிறுத்திடுவ. அங்க ஒரு ரூம்ல எட்டு பேரு. வெள்ளிக்கிழம உன்கிட்ட பேசுற நேரம்தான் நான் ஊருல இருப்பேன்."

சாக்கை விலக்கி, நசுங்கிய தகட்டை உள்ளங்கையால் தடவினான். பிறகு என்னைப் பார்க்காமலே, "உள்ள ஏத்திப் பாத்தீங்களா?" என்று கேட்டான்.

"பாத்தோம்டா. ரெண்டு பேரும் பாத்தோம். வெயிட்டு தாங்கல."

"ஆமா, அது வெயிட்டுதான்" என்றான்.

உள்ளே மனைவி காபி ஆற்றிக்கொண்டிருந்தாள். அவள் கை ஒரு நொடி நின்றது.

அவன் திரும்பிப் போனபிறகும் சில வெள்ளிக்கிழமைகள் போன் வந்தது. வெயிலைப் பற்றியும் விலைவாசி பற்றியும் பேசினோம். அதுவும் குறைந்தது. கோபதாபம் ஒன்றுமில்லை. இப்போது காலையில் பூப்படம் போட்டு வணக்கம் அனுப்புகிறான், நானும் பதிலுக்கு ஒரு பூ அனுப்புகிறேன். தகட்டைப் பழைய இரும்புக்காரர் எடுத்துப் போனார். என் வெஸ்பாவும் போய்விட்டது. நாங்கள் போய்வந்த ரோட்டை இப்போது அடையாளமே தெரியவில்லை.

வீட்டையும் இடித்துக் கட்டிவிட்டோம். இப்போது பின்வாசலில் படி கிடையாது, சரிவு வைத்திருக்கிறோம். அன்று இருந்தது இரண்டே படிகள். நானும் அவளும் ஒரு மூச்சுப் பிடித்துத் தூக்கியிருந்தால் ஏறியிருக்கும்.