முதல் வரியைப் படிக்காத ஸ்கிரிப்ட்

அன்று காலை குரோம்பேட்டை கம்ப்யூட்டர் சென்டரில் முதலாளி, நான், வாடிக்கையாக வரும் அக்கா என்று மூன்று பேர் இருந்தோம். அன்று வந்த மெயிலை எழுதியவர் அக்காவின் கணவர்; அவர் மஸ்கட்டில் இருந்தார். அதைப் படித்திருக்கக் கூடாத அவருடைய அண்ணன் சிங்கப்பூரில்.

தொண்ணூறுகளின் கடைசி. சொந்தமாக மெயில் முகவரி வைத்திருந்தவர்கள் எங்கள் பக்கத்தில் குறைவு. எல்லோருக்கும் சென்டரின் முகவரிக்கே வரும். யாருக்கு என்பது தலைப்பில் இருக்கும். நான் பிரிண்ட் எடுத்து மடித்து வைப்பேன். அக்காவுக்கு வருவதில் ஒரு நகலை, அக்கா சொல்லியிருந்தபடி, சிங்கப்பூர் அண்ணனுக்கும் அனுப்புவேன். முதல் வரியில் ‘உனக்கு மட்டும்’ என்றிருந்தால் அனுப்பமாட்டேன்.

எங்கள் வீட்டில் முதலில் படித்தவன் நான். தெருவுக்கே கடிதம் வாசித்துச் சொல்லி, எந்த வீட்டில் என்ன சண்டை என்பதெல்லாம் பன்னிரண்டு வயதிலேயே தெரிந்துபோனது. இனியாவது அடுத்தவர் கடிதத்தைப் படிக்கக் கூடாது என்றுதான் இந்த வேலையைக் கம்ப்யூட்டரே செய்ய ஸ்கிரிப்ட் என்ற சின்ன புரோகிராமை எழுதினேன். தலைப்பைப் பார்த்து அதுவே பிரிண்ட் போடும், அதுவே நகல் அனுப்பும். எழுதியவருக்கு அதுதான் மரியாதை என்று நம்பினேன். முதல் வரியைப் பார்க்க அதற்குச் சொல்லிக்கொடுக்கத் தோன்றவில்லை.

அக்கா நின்றபடியே படித்தார். பிறகு தாளை என் பக்கம் திருப்பினார். மஸ்கட்டில் அவருக்கு வேலை போய்விட்டதாம். தன் தங்கை கல்யாணம் முடியும்வரை யாருக்கும் தெரிய வேண்டாமாம்.

“தம்பி, இது சிங்கப்பூருக்குப் போச்சா?”

“போயிடுச்சுக்கா. தானாவே.”

“மேல பெருசா ‘உனக்கு மட்டும்’னு எழுதியிருக்காரே, நீ பாக்கல?”

“படிக்கக் கூடாதுன்னுதான்…”

“முன்னல்லாம் படிச்சியே! அதுக்கு நான் ஏதாவது சொன்னனா?”

முதலாளி எழுந்து வந்தார். “இன்னாப்பா, பெரிய கலெக்டராட்டம் மரியாத பாத்துகினு கீற? திருப்பி வாங்கு அத.”

“வாங்க முடியாது சார்.”

திறக்க வேண்டாம் என்று கெஞ்சி உடனே சிங்கப்பூருக்கு எழுதினேன். மாலையில் பதில் வந்தது: ‘படித்துவிட்டேன். மறைத்துக் கட்டிக்கொடுப்பது தப்பு.’ வண்டலூரில் இருந்த மாப்பிள்ளை வீட்டுக்கு அவரே போன் செய்து சொல்லிவிட்டார். அவர்கள் சண்டை போடவில்லை. ஜாதகத்தைத் திருப்பிக் கொடுத்தார்கள், அவ்வளவுதான்.

மஸ்கட்டிலிருந்து அதன் பிறகு எங்கள் முகவரிக்கு ஒன்றும் வரவில்லை. அக்காவும் வரவில்லை. மன்னிப்புக் கேட்க நான்தான் வீடு தேடிப் போனேன். உள்ளே கூப்பிடவில்லை. தாம்பரத்தில் பிடித்திருந்த மண்டபத்தில் அட்வான்ஸைத் திருப்பித் தரமாட்டோம் என்றுவிட்டார்களாம். எவ்வளவு அக்கா என்று கேட்டேன். பன்னிரண்டாயிரம் என்றார்.