கழிப்பறை நாள்காட்டியும் வீட்ஸ்கேயின் குறியும்

ஆம்ஸ்டர்டாமில் ஒரு கணிதக் கூடம். அதன் 1969ஆம் ஆண்டறிக்கை சொல்கிறது: ‘வீட்ஸ்கே டெர்ப்ஸ்ட்ரா. கணினி நினைவகச் சிக்கனத்தில் வல்லுநர். எதையும் இருமுறை எழுதாதவர்.’

இந்த வீட்ஸ்கே, சந்தைப் பட்டியலில் வெங்காயம் விட்டுப்போனால் வெங்காயத்தைச் சேர்க்கமாட்டார். புதுத் தாளில் பட்டியல் முழுவதையும் எழுதி, பழையதையும் பத்திரப்படுத்துவார். அடித்தல் திருத்தல் அவருக்கு ஆகாது.

கணினி என்று வந்தால் மட்டும் கொள்கை வேறு. கூடம் உருவாக்கிவந்த நிரல் மொழியில், ஓர் அட்டவணையின் எண்களோடெல்லாம் ஒன்றைக் கூட்டச் சொன்னால், எந்திரம் இன்னோர் அட்டவணையைக் கட்டி முடித்த பிறகே பழையதைக் கைவிடும். இரண்டுக்கும் இடம் போதாது, பாதியில் நின்றுவிடும். ‘இருந்த இடத்திலேயே மாற்று’ என்று சொல்ல ஒரு குறியை வீட்ஸ்கே மூன்று வருடம் உழைத்து வடித்திருந்தார். வியாழக்கிழமை குழு கூடுகிறது. ஒருவர் மறுத்தாலும் குறி குப்பைக்கு. மறுக்கப்போகிறவர் குழுத் தலைவர், பேராசிரியர் பௌட்வைன்.

புதன்கிழமை அவருக்குப் பிறந்தநாள். அவர் வீட்டில் வீட்ஸ்கே உட்பட எல்லோரும், டச்சு வழக்கப்படி எல்லோரையும் வாழ்த்திவிட்டு, ஆளுக்கொரு துண்டு கேக்கோடு வட்டமாக உட்கார்ந்திருந்தார்கள்.

“அதே அட்டவணைய இன்னொருத்தனும் பாத்துக்கிட்டிருப்பாம்மா. அவனுக்குத் தெரியாம நீ பாட்டுக்கு மாத்திட்டா அவன் கதி?” என்றார் பௌட்வைன்.

“எந்திரத்துல இடமில்லையே, புரொபசர்.”

“இடமில்லன்னா கணக்கு வளைஞ்சு குடுக்குமா?”

வீட்ஸ்கே கழிப்பறைக்கு எழுந்து போனார். டச்சு வீடு எல்லாவற்றிலும் போல அங்கே சொந்தபந்தங்களின் பிறந்தநாள்களைக் குறித்துவைக்கும் நாள்காட்டி தொங்கியது. கிழமை கிடையாது, வருடம் கிடையாது, ஆகவே அதற்குச் சாவும் கிடையாது, வருடாவருடம் அதேதான். மார்ச்சில் ஒரு மருமகனின் பெயர் அடிக்கப்பட்டு, செப்டம்பரில் வேறொரு மருமகனின் பெயர் முளைத்திருந்தது. கையெழுத்து பௌட்வைனுடையது.

வெளியே வந்ததும் வராததுமாகக் கேட்டார்: “மாப்பிள்ளை மாறினப்போ ஏன் புரொபசர் புது நாள்காட்டி எழுதல?”

“ஒரு மாப்பிள்ளைக்காக முன்னூத்தி அறுபத்தாறு நாளையும் எவன் எழுதுவான்?” என்றவர், கேக் மெல்வதை நிறுத்தினார்.

அவர் மனைவி மெக்டெல்ட் சிரித்தார். “மாப்பிள்ளை மாறினதே எனக்கு அங்க உக்காந்துதான் தெரிஞ்சுது! இவர் வாயத் தெறந்து சொன்னாரா?”

“பாத்தியா! நான் சொன்ன ஆபத்து இதேதான்!” என்று வீட்ஸ்கே பக்கம் திரும்பினார் பௌட்வைன்.

“என்ன ஆபத்து? ரெண்டாவது பையன் தங்கம்” என்றார் மெக்டெல்ட்.

மறுநாள் பௌட்வைன் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டே கையையும் தூக்கினார். குறி நிறைவேறியது.

மொழியின் விதிநூலில் ஒரே ஒரு வரி சேர்க்க வேண்டியிருந்தது. ஓரத்தில் இடமும் இருந்தது. வீட்ஸ்கே இருநூற்றுப் பன்னிரண்டு பக்கங்களையும் புதிதாகத் தட்டச்சு செய்தார்.