அனுமதி வேண்டாத கூடாரம்

பெற்ற மகன் கட்டிய வீட்டுக்கு எதிரே, எழுபத்தோராவது வயதில், ஜூலை மாதத்து வியாழக்கிழமை காலையொன்றில் குன்வோர் கூடாரம் அடித்தாள்.

அடிப்பதற்கு முன் அளந்தாள். கையில் பழைய மீன்பிடி நூல், பத்து மீட்டருக்கு ஒரு முடிச்சு. ஒரு முனையை மகன் வீட்டுச் சுவரோரம் கல்லுக்கு அடியில் சொருகிவிட்டு, முடிச்சுகளை விரலால் எண்ணிக்கொண்டே கடலை நோக்கி நடந்தாள். பதினைந்தாவது முடிச்சில் நின்று, அதற்குமேல் ஓர் அடி எடுத்து வைத்து, முதுகுப்பையை இறக்கினாள். நார்வேயில் குடியிருக்கும் வீட்டிலிருந்து நூற்றைம்பது மீட்டர் தள்ளி, யார் நிலமாக இருந்தாலும் சரி, உழாத வேலிகட்டாத வெளியில் யாரும் இரண்டு இரவு படுக்கலாம். எவரையும் கேட்க வேண்டியதில்லை. அது அவளுக்குத் தாய்ப்பாலோடு வந்த சட்டம்.

ஆனால் அந்த இடத்துக்கு வரும் ஒற்றையடிப் பாதையின் குறுக்கே இப்போது ஒரு சங்கிலி தொங்கியது. பக்கத்தில் மரக்கம்பம் நட்டு ஒரு போர்டு: ‘தனியார் இடம். கூடாரம் அடிக்கக் கூடாது.’ முழங்கால் வலியோடு சங்கிலியைத் தாண்டியபோது அந்த எழுத்துகளை அவள் இரண்டு முறை படித்தாள். அதைத் தன் மகன் எழுதியிருக்கிறான் என்பதை நம்புவதற்கு ஒரு முறை போதவில்லை.

சங்கிலி விஷயம் தெரிந்த அன்றே தோழி சோல்பியோர் கொதித்திருந்தாள். “நகராட்சியில ஒரு மனு குடுடி. பாதையை மறிக்கிறது தப்பு. ஒரே வாரத்துல சங்கிலியை அறுக்கச் சொல்லிருவாங்க.”

“பெத்த பிள்ளை மேல மனு எழுதச் சொல்றியா?”

“வேற என்ன பண்ணப் போற?”

“போய்ப் படுக்கப் போறேன்” என்றாள் குன்வோர்.

முப்பத்தெட்டு ஆண்டுகள் மீன் தொழிற்சாலையில் நின்றபடி காட் மீனின் முதுகெலும்பை உருவிய கை அவளுடையது. புருஷன் சரக்குக் கப்பலில் போனவன், போனவன்தான். அப்போது மகன் ஐவின்ட் வயிற்றில் ஆறு மாதம். தொழிற்சாலைக்கு மேலே ஒரே ஓர் அறை, சுவரெல்லாம் மீன் வாடை. கோடை விடுமுறை வந்தால் ஊரார் அவரவர் மரவீட்டுக்குப் போய்விடுவார்கள். இவளுக்கு மரவீடு இல்லை. இருந்தது இரண்டு கம்பத்துத் துணிக்கூடாரம் ஒன்று, காபிக் கெட்டில் ஒன்று, பிள்ளை ஒன்று. மூன்றையும் சுமந்துகொண்டு இந்தக் கடல்முனைக்கு வருவாள். இரண்டு இரவுக்கு ஒரு முறை இடம் மாறுவாள்.

“ஏம்மா மாறணும்?” என்று குழந்தை கேட்கும்.

“இந்தக் கடற்கரை முழுக்க நம்ம வீடுடா. ஒரே ரூம்ல படுத்தா மத்த ரூமெல்லாம் கோவிச்சுக்காதா?”

அந்தக் குழந்தைதான் வளர்ந்து, தெற்கே போய், எண்ணெய்க் கிணற்றுக் கம்பெனியில் பெரிய ஆளாகி, தலையில் நரை விழுந்தபின் திரும்பி வந்து, இந்த முனை முழுவதையும் வாங்கி, கண்ணாடி வைத்த வீடு கட்டியிருக்கிறான்.

கூடாரத்தின் கடைசி முளையை அவள் அடித்துக்கொண்டிருந்தபோது ஐவின்ட் அவசரமாகச் செருப்பை மாட்டிக்கொண்டு ஓடி வந்தான்.

“அம்மா! என்னம்மா இது? உனக்குன்னு உள்ள ஒரு அறை வச்சிருக்கேன். கடல் பார்த்த ஜன்னல்.”

“எனக்குக் கடல் பார்க்க ஜன்னல் எதுக்கு? இங்க நாலு பக்கமும் ஜன்னல்தான்.”

“ஊர் சிரிக்கும்மா.”

“சிரிக்கட்டும். அளந்து பார்த்துக்கோ. நூத்தைம்பதும் ஒரு அடியும் இருக்கு. அந்த ஒரு அடி உனக்கு வேணும்னா வச்சுக்கோ.”

அவன் உண்மையிலேயே போய் அளக்கும் கருவியை எடுத்து வந்தான். சிவப்பு ஒளிப்புள்ளி சுவரில் போய் விழுந்தது. எண்ணைப் பார்த்தவன் கருவியைப் பைக்குள் போட்டுக்கொண்டான். அவளும் சிரிக்கவில்லை. அவன் போனபின் கடைசி முளையை அடித்து முடித்தாள்.

மறுநாள் மாலை ஒரு வேன் வந்து சங்கிலிக்கு வெளியே நின்றது. வெளிநாட்டுத் தம்பதி. குன்வோரின் கூடாரத்தைப் பார்த்ததும், இங்கே படுக்கலாம் போலிருக்கிறது என்று தாண்டி வந்துவிட்டார்கள். அவள் கரையோரம் தூண்டில் போட்டுவிட்டுத் திரும்புவதற்குள், வெறும் பாறை மேல் தீ மூட்டி, இறைச்சி சுட்டு, பீர் டப்பாக்களைப் பரப்பி வைத்திருந்தார்கள். பாறை சூட்டில் வெடித்து ஓர் ஓடு போலப் பெயர்ந்து கிடந்தது.

ஐவின்ட் வீட்டிலிருந்தே கத்தினான். “பாத்தியாம்மா? இதுக்குத்தான் சங்கிலி! நீ வந்து படுத்த, பின்னாலேயே இவங்க வந்துட்டாங்க!”

குன்வோர் தூண்டிலைக் கீழே வைத்தாள். நேரே அந்த ஆளிடம் போய், பெயர்ந்த கல்லை எடுத்து அவன் கையில் வைத்தாள். தனக்குத் தெரிந்த நாலு வார்த்தை ஆங்கிலத்தில், “பனியுகத்துப் பனி உருகின நாள்ல இருந்து இந்தப் பாறை முழுசா இருந்துச்சு. நீ ஒரு சாயங்காலத்துல உடைச்சிட்ட” என்றாள். அந்த ஆள் கையில் கல்லோடு மலங்க மலங்க விழித்தான். அவன் மனைவிக்கு முகம் சிவந்துவிட்டது. அவளே குனிந்து டப்பாக்களைப் பொறுக்கத் தொடங்கினாள். தீ அணைந்து, சாம்பல் ஆறி, கடைசி டப்பா வேனுக்குள் போகும்வரை குன்வோர் இடுப்பில் கை வைத்து நின்றாள். அவர்களுடைய கூடாரத்தை வீட்டிலிருந்து தள்ளி அடிக்கச் சொல்லி, அளவு நூலையும் கொடுத்தாள். அவர்கள் அன்று அங்கே தங்கி, காலையில் புல்லைக்கூடக் கலைக்காமல் போனார்கள்.

“இவங்க ரெண்டு பேரைத் திருத்திட்ட. வர்ற எல்லாரையும் திருத்துவியா?” என்றான் மகன்.

“ஒருத்தன் பாட்டைக் கெடுத்துப் பாடினா ஊர்ல இருக்கிற எல்லார் வாயையும் கட்டுவியா?”

அவன் சட்டென்று குரலைத் தணித்தான். “சரிம்மா. மத்தவங்களை விடு. நீ எத்தனை நாள் வேணும்னாலும் இங்க இரு. இன்னைக்கு இடம் மாறாத. நிலத்துக்காரன் நான், நானே அனுமதி தரேன்.”

அடி விழுந்ததுபோல் இருந்தது அவளுக்கு. வாழ்நாளில் எத்தனையோ பேர் எத்தனையோ சொல்லியிருக்கிறார்கள். ஓடிப்போனவன் பெண்டாட்டி என்றார்கள், கூடாரக்காரி என்றார்கள். எதுவும் இப்படிக் குத்தியதில்லை.

“உன் அனுமதி எனக்கு வேண்டாம்” என்றாள். “இன்னைக்கு அதை வாங்கிக்கிட்டா, இத்தனை வருஷமா நான் படுத்ததெல்லாம் திருட்டுத்தனமா படுத்ததுன்னு ஆயிடும். என் பிள்ளையை நான் திருட்டு நிலத்துல வளர்க்கல.”

அந்தச் சனிக்கிழமை காலையே கூடாரத்தைப் பிரித்து, பிர்ச் மரங்களின் மறைவுக்கு மாறினாள். அங்கே இரண்டு இரவு. திங்கள் காலை வானொலியில் புயல் எச்சரிக்கை சொன்னார்கள். அந்த முனையில் கூடாரம் அடிக்கத் தோதான இடம் மூன்றுதான். முதல் இடத்தில் நசுங்கிய புல் இன்னும் நிமிரவில்லை. நிமிராத புல்லில் மறுபடி படுப்பது அவள் வழக்கமில்லை. மிச்சமிருந்தது கடலுக்குள் நீட்டிக்கொண்டிருந்த மொட்டைப் பாறைத் திட்டு மட்டும்.

அங்கே போனாள்.

முளை இறங்காத பாறையில், கல் சுமந்து வந்து கயிறுகளின் மேல் அடுக்கினாள். மதியத்துக்குள் கடல் கறுத்துவிட்டது. காற்று கூடாரத்தை ஓங்கி ஓங்கி அறைந்தது. திடீரென்று ஒரு சத்தம். முன்கம்பம் இரண்டாக முறிந்து, ஈரத்துணி அவள் தலைமேல் சரிந்தது. துணிக்கு அடியில் மண்டியிட்டு, இரண்டு கைகளாலும் அதைத் தாங்கிப் பிடித்தாள். தோள் விண்ணென்று வலித்தது. விடவில்லை.

“அம்மா!” மழைக்கோட்டோடு ஐவின்ட் வந்து நின்றான். “போதும்மா! உள்ள வா!”

“வரமாட்டேன்.”

“செத்துப்போயிருவம்மா!”

“செத்தா இதே துணியில சுத்திப் புதை. உள்ள வந்தா நான் உன் விருந்தாளிடா. இங்க இருந்தா நான் குன்வோர்.”

அவன் மழையில் அப்படியே உட்கார்ந்துவிட்டான். ஐம்பது வயது மனிதனின் குரல் உடைந்தது.

“எனக்கு அப்போ எட்டு வயசும்மா. புயல் அடிச்சுக்கிட்டு இருந்துச்சு, ரெண்டு ராத்திரி முடிஞ்சதுன்னு நீ மூட்டையைத் தூக்கின. முதுகு வளைஞ்சு, மழையில நடந்து போன. பள்ளிக்கூடத்துல கூடாரக்காரி மகன்னு கூப்பிட்டாங்க. அன்னைக்கே முடிவு பண்ணேன். இந்த இடத்தை வாங்குவேன், எங்கம்மாவை ஒருத்தனும் இங்க இருந்து எழுந்திரின்னு சொல்ல முடியாதபடி பண்ணுவேன்னு. உனக்காகத்தாம்மா வாங்கினேன்.”

குன்வோரின் கண்ணில் நீர் முட்டியது. துடைக்கக் கை இல்லை. இரண்டும் கூடாரத்தைப் பிடித்திருந்தன.

“என்னை எழுந்திரின்னு யாருடா சொன்னா?” என்றாள். “நானா எழுந்தேன். அடுத்தவன் வந்து படுக்கணும்னு எழுந்தேன். அந்த மூட்டையை நான் பாரமா நினைச்சேன்னு உனக்கு யார் சொன்னது? தொழிற்சாலையில வருஷம் பூரா தலைகுனிஞ்சு நின்னவடா நான். தலை நிமிர்ந்து நடந்தது கோடை லீவு மூணு வாரந்தான். நீ அதுக்குப் போய்ச் சங்கிலி போட்டுட்டியே!”

ஐவின்ட் எழுந்தான். திரும்பி நடந்தான். மழைத்திரை அவனை விழுங்கிவிட்டது. போகட்டும் என்று அவள் பல்லைக் கடித்துக்கொண்டாள். கை மரத்துப்போனது. நூறு வரை எண்ணுவோம் என்று எண்ணத் தொடங்கினாள். எண்பதைத் தாண்டும்போது, காற்றினூடே இரும்பு உரசும் சத்தமும், அதன்பின் மரம் முறிவது போன்ற சத்தமும் கேட்டன.

திரும்பி வந்தவன் தோளில் போர்டு மாட்டியிருந்த கம்பம் இருந்தது, அடியில் மண் ஒட்டியபடி. போர்டு இன்னும் அதில் தொங்கிக்கொண்டிருந்தது. அதை ஒரே உதையில் பெயர்த்துவிட்டு, கூடாரத்துக்குள் தவழ்ந்து வந்து, அம்மாவின் கைகளுக்கு நடுவே கம்பத்தை நிறுத்தினான். துணி நிமிர்ந்தது. அவள் மெல்லக் கையை இறக்கினாள்.

“சங்கிலி?” என்று கேட்டாள்.

“அதையும் கழட்டிட்டேன்.”

“மறுபடி மாட்டுவியா?”

“மாட்டினா நீ மறுபடி வருவ.”

“கண்டிப்பா வருவேன்.”

நனைந்த முகத்தோடு அவன் சிரித்துவிட்டான். அவள் போர்டைக் கவிழ்த்துப் போட்டு, அதன்மேல் ஸ்டவ்வை வைத்துக் காபி போட்டாள். பாறையில் சூடு படாதல்லவா. பழுப்புப் பாலாடைக்கட்டியைச் சீவி, தட்டை ரொட்டியில் வைத்து நீட்டினாள். அவனுடைய கால்கள் கூடாரத்துக்கு வெளியே நீட்டிக்கொண்டு நனைந்தன. எட்டு வயதில் அந்தக் கால்கள் உள்ளேயே மடங்கிக் கிடந்தது அவளுக்கு ஞாபகம் வந்தது.

புதன்கிழமை அங்கேயும் இரண்டு இரவு முடிந்தது. அடுக்கிய கற்களை எல்லாம் எடுத்த இடத்திலேயே திரும்ப வைத்துவிட்டு, மூட்டையோடு நேரே மகன் வீட்டுப் படியேறினாள்.

“அந்த அறை இருக்குன்னு சொன்னியே?”

“அம்மா!” என்று அவன் வாரியணைத்தான்.

“ரெண்டு ராத்திரிதான்” என்றாள் அவள்.

விளையாட்டுக்குச் சொல்கிறாள் என்று நினைத்தான். வெள்ளிக்கிழமை காலை அவன் கதவைத் தட்டியபோது உள்ளே யாரும் இல்லை. படுக்கை சுருக்கமில்லாமல் விரித்திருந்தது. தரை பெருக்கியிருந்தது. குடித்த கோப்பை கழுவிக் கவிழ்த்திருந்தது. ஓர் ஆள் இரண்டு நாள் இருந்ததற்கான சுவடே அந்த அறையில் இல்லை.

கடல் பார்த்த ஜன்னல் வழியே பார்த்தான். புல் நிமிர்ந்துவிட்ட அந்த முதல் இடத்தில், நூற்றைம்பது மீட்டரும் ஓர் அடியும் தள்ளி, போர்டுக் கம்பம் தாங்கிய கூடாரம் காற்றில் புடைத்து நின்றது.

ஐவின்ட் காபிக் கெட்டிலை எடுத்துக்கொண்டு இறங்கினான். கூடாரத்துக்குப் பத்தடி முன்னால் நின்று குரல் கொடுத்தான்.

“நான் வரலாமா?”

“இது யார் இடமும் இல்லடா” என்று உள்ளிருந்து குரல் வந்தது. “என்னை எதுக்குக் கேக்கற? வா.”